கொட்டகலை ஸ்டேசன் யாருக்காகக் கட்டியது? மலையகத்துச் சின்ன ஸ்டேசன்கள் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்

கொழுந்துக்கூடை

எல்லோருக்கும் வணக்கம். நான் வட்டகொடையிலிருந்து கொட்டகலைக்குத் தினமும் கோச்சியில், அதுதான் ரயிலில், போய் வருகிற ஆசிரியை. தரம் 8 பிள்ளைகளுக்கு வரலாறு எடுக்கிறேன். போன கிழமை "எங்கள் ஊர்" என்று ஒரு செயற்றிட்டம் கொடுத்தேன். ஐந்து பேர் கொண்ட ஒரு குழு ஸ்டேசனைப் பற்றிச் செய்கிறோம் என்று வந்து நின்றது. சரி என்று ஒருநாள் பாடசாலை விட்டதும் கூட்டிக்கொண்டு போனேன். பெயர்ப்பலகையில் மூன்று மொழியையும் வாசித்தார்கள், தண்டவாளத்துக்கு நடுவே எத்தனை அடி என்று கண்ணாலேயே அளந்தார்கள். அதில் ஒருத்தி திடீரென்று, "மிஸ், இத யாருக்காகக் கட்டினாங்க? நமக்கா?" என்று கேட்டாள்.

உடனே ஒரு பதில் சொல்ல எனக்கு வரவில்லை. தேயிலைக்காக என்று சொல்லியிருக்கலாம், ஆனால் அது முழுப் பதில் இல்லை என்று மனதில் பட்டது. பாடப்புத்தகத்தில் பாதை வந்த ஆண்டு இருக்கிறது, எங்கள் ஸ்டேசன் இல்லை. உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். ரயில்வேயில் வேலை செய்தவர்கள், அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்கள் எழுதினால் பிள்ளைகளிடம் அப்படியே வாசித்துக் காட்டுவேன்.

சிவப்புக்கொடி

மகள், நல்ல கேள்வி கேட்ட பிள்ளை. நான் நாவலப்பிட்டிக்காரன், ரயில்வேயில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஆண்டுகள். கொழும்பிலிருந்து கண்டிக்குப் பாதை போனது 1867. கம்பளைக்கு 1873, நாவலப்பிட்டிக்கு 1874. அதோடு பத்து வருடம் நின்றது. ஹட்டனுக்கு 1884, அடுத்த வருடமே, 1885இல், நானுஓயா. கொட்டகலையும் தலவாக்கலையும் இந்தத் துண்டில்தான் வருகின்றன. பண்டாரவளைக்கு 1894, கடைசியாகப் பதுளைக்கு 1924. மலையகப் பாதை முழுவதும் 1867இல் திறந்தது என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அது கண்டிக்கு மட்டும் சரி.

அந்தப் பத்து வருட இடைவெளிக்குள் என்ன நடந்தது என்பதைப் பிள்ளைகளுக்கு நன்றாக விளக்குங்கள். கண்டிப் பாதையைக் கேட்டு வாங்கியது கோப்பித் தோட்டக்காரர்கள். மாட்டு வண்டியில் கோப்பி மூட்டை கொழும்புக்குப் போய்ச் சேரக் கிழமைக் கணக்காகும். ஆனால் 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. பதினைந்து வருடத்துக்குள் கோப்பி படுத்துவிட்டது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் போட்ட தேயிலைதான் அந்த இடத்தைப் பிடித்தது. கோப்பியை நினைத்துத் தொடங்கிய பாதை ஹட்டனுக்கு ஏறி வரும்போது இறக்குவதற்கு இருந்தது தேயிலைப் பெட்டி. ஸ்டேசன்களை எங்கெங்கே வைத்தார்கள் என்று பாருங்கள். பட்டணம் இருந்த இடத்தில் ஸ்டேசன் வரவில்லை, தோட்டங்களின் பாதைகள் வந்து கூடிய இடத்தில் வந்தது. பட்டணம் அதற்குப் பிறகுதான் வளர்ந்தது.

கட்டியவர்கள் யார்? மண் வெட்டியதும், கல் உடைத்ததும், சுரங்கத்துக்குள் வெடி வைத்துக் குடைந்ததும் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த எங்கள் ஆட்கள்தான். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் சிங்கமலைச் சுரங்கம் இருக்கிறதே, அரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீளம். மலையகப் பாதையில் அதுதான் மிக நீளமானது. பூல்பேங்க் சுரங்கம் என்று தோட்டத்தின் பெயரால் எழுதுவார்கள். நாங்கள் சிங்கமலை என்றுதான் சொல்வோம்.

தலவாக்கலை பொடியன்

ஐயா சொன்ன வரலாறு நல்லது. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன், டீச்சர் கோபப்படக்கூடாது. இன்றைக்கு இந்தச் சின்ன ஸ்டேசன்களால் யாருக்கு என்ன பயன்? தலவாக்கலையிலிருந்து ஹட்டனுக்குப் பஸ் ஓயாமல் ஓடுகிறது. கோச்சி ஒரு நாளைக்கு எத்தனை? அதுவும் வந்தால் வந்தது. கோச்சியை எல்ல என்கிற ஊரைப் பார்க்க வருகிற வெளிநாட்டு ஆட்களுக்கு விட்டுவிட்டு, எங்கள் பக்கத்துக்கு ரோட்டையும் பஸ்ஸையும் கூட்டிக் கேட்டால் பலன் இருக்கும் என்பது என் கருத்து.

கொழுந்துக்கூடை

தம்பி, கோபமே இல்லை. நீங்கள் பெரிய ரோட்டில் இருக்கிறீர்கள், அதனால் அப்படித் தெரிகிறது. வட்டகொடைக்கு வாருங்கள். ஹட்டன் – நுவரெலியா வீதி எங்களைத் தொடாமல் போகிறது. எங்களுக்கு இருப்பது தலவாக்கலையிலிருந்து பூண்டுலோயாவுக்குப் போகிற வளைவு ரோடு. பஸ்ஸில் போவதென்றால் தலவாக்கலைக்கு ஒன்று, அங்கிருந்து இன்னொன்று. கோச்சியில் ஏறினால் நேரே கொட்டகலையில் இறங்குகிறேன்.

காலைக் கோச்சியின் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் யார் இருக்கிறார்கள் என்று சொல்கிறேன். பாடசாலைப் பிள்ளைகள், என்னைப்போல நாலைந்து ஆசிரியர்கள், ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கொப்பியைப் பையில் சுற்றி எடுத்துப் போகிற அம்மாமார், கடைகளுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள். லீக்ஸ் கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு ஐயா ஏறுவார். மழை நாளில் அந்த லீக்ஸிலிருந்து தண்ணீர் சொட்டி என் செருப்பு நனையும், அவர் ஒவ்வொரு முறையும் "மன்னிச்சிக்க மகள்" என்று சொல்லி மூட்டையைக் கொஞ்சம் திருப்பி வைப்பார். இந்த ஆட்கள் யாரும் எல்ல பார்க்கப் போகவில்லை.

சீசன் டிக்கட் எடுத்தால் மாதத்துக்கு ஆகிற செலவு பஸ்ஸைவிட நன்றாகக் குறைவு. பெயர்ச் சம்பளத்துக்கு, அதாவது நாள் கூலிக்கு, கொழுந்து பறிக்கிற வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றால் அந்த வித்தியாசம் சின்னதில்லை.

மகாவலிக்கரை

நான் பேராதனையில் படித்து இப்போது கண்டியில் வேலை. தலவாக்கலைத் தம்பியின் கேள்விக்குக் கண்டிப் பக்கத்திலிருந்து ஒரு பதில் இருக்கிறது.

பேராதனைச் சந்தியிலிருந்து கண்டி, அங்கிருந்து மாத்தளை என்கிற பாதையைப் பாருங்கள். மாத்தளைக்கு 1880இல் போனது, அதுவும் தோட்டச் சாமானுக்குத்தான். இன்றைக்கு அது முழுக்க முழுக்க வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்களின் பாதை. மஹய்யாவ, கட்டுகஸ்தோட்டை, வத்தேகம, உக்குவளை என்று போகும், நடுவில் கொட்டகை மட்டும் உள்ள சின்னச் சின்ன நிறுத்தங்கள் வேறு. கண்டிக்கும் பேராதனைக்கும் நடுவிலேயே சரசவி உயன, ரண்டல்ஸ் ஹில், சுதும்பொல என்று நிறுத்தங்கள் உண்டு. சரசவி உயன எங்கள் கெம்பஸ் ஸ்டேசன். பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு வந்தது. ஹட்டன் பக்கத்துப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை பின்னேரம் உடுப்புப் பையோடு ஓடிப்போய் ஏறுவது பேராதனைச் சந்தியில். பதுளைக்குப் போகிற கோச்சிகளில் சில கண்டிக்குள் வராமல் சந்தியிலிருந்தே மலைப் பக்கம் திரும்பிவிடும். பொடி மெனிக்கே என்கிற கோச்சி கண்டிக்குள் வந்து, என்ஜினை மறுபக்கம் மாட்டிக்கொண்டு வந்த வழியே சந்திக்குப் போகும். முதல் முறை நான் ஏறியபோது கொழும்புக்கே திரும்பிப் போகிறது என்று பயந்து இறங்கப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த அம்மா கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

கண்டிக்கும் பேராதனைக்கும் நடுவில் ரெயில்பஸ்ஸும் ஓடியிருக்கிறது. இரண்டு பஸ்ஸை முதுகோடு முதுகு ஒட்டித் தண்டவாளச் சில்லில் நிறுத்தியதுபோல இருக்கும். என்ஜினைத் திருப்ப வேண்டியதில்லை. நான் சொல்ல வருவது, கண்டியில் செய்ததை ஏன் ஹட்டனுக்கும் நானுஓயாவுக்கும் நடுவில் செய்யக்கூடாது? ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொட, கிரேட் வெஸ்டர்ன், ரதல்ல, நானுஓயா. ஏழு ஸ்டேசன், எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பாடசாலையோ தோட்டமோ இருக்கிறது. காலையில் ஒன்று, பாடசாலை விடும் நேரத்தில் ஒன்று, கடை மூடும் நேரத்தில் ஒன்று என்று இரண்டு பெட்டியோடு ஓடினால் போதும்.

தலவாக்கலை பொடியன்

வட்டகொடை விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன் டீச்சர், அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் மகாவலிக்கரை அண்ணே, பாதை ஒன்றுதானே? மேலே ஒரு கோச்சி போகும்போது கீழே வருகிறது காத்து நிற்கிறது. தலவாக்கலையில் நான் அரை மணித்தியாலம் உட்கார்ந்து அணைக்கட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். இதற்குள் இன்னும் மூன்று கோச்சியை விட்டால்?

சிவப்புக்கொடி

தம்பி கேட்டது சரியான இடம். இதை ஆறுதலாகச் சொல்ல வேண்டும்.

ஒற்றைப் பாதை என்றால் இரண்டு ஸ்டேசனுக்கு நடுவில் ஒரு நேரத்தில் ஒரு கோச்சிதான் இருக்கலாம். அதைக் காப்பாற்றுவது டேப்லட். ஸ்டேசன் மாஸ்டரின் அறையில் இரும்புப் பெட்டிபோல ஒரு கருவி இருக்கும். கொட்டகலையில் ஒன்று, தலவாக்கலையில் அதன் சோடி. இரண்டும் மின்கம்பியால் தொடுத்தவை. அதற்குள்ளே வட்டத் தகடுகள். கொட்டகலை மாஸ்டர் மணி அடித்துக் கேட்க வேண்டும், தலவாக்கலை மாஸ்டர் சம்மதித்தால்தான் இங்கே ஒரு தகடு வெளியே வரும். அது வெளியே வந்தபின் இரண்டு பெட்டியிலிருந்தும் இன்னொன்றை யாராலும் எடுக்க முடியாது. அந்தத் தகடு கையில் இல்லாமல் ட்ரைவர் ஸ்டேசனைத் தாண்டமாட்டார். தகட்டைத் தோல்பைக்குள் போட்டு, பெரிய வளையத்தில் தொங்கவிட்டுக் கொடுப்பார்கள். நிற்காத கோச்சியென்றால் ஓடும்போதே ஒரு வளையத்தை வாங்கி இன்னொன்றைக் கொடுக்க வேண்டும். என் இடது முழங்கைக்கு மேலே ஒரு தழும்பு இருக்கிறது, மழையில் வழுக்கிப் பிடித்த வளையம் போட்டது.

இப்போது பாருங்கள், கொட்டகலை ஸ்டேசனின் பெரிய வேலையே இதுதான். அங்கே மாற்றுப் பாதை இருப்பதால்தான் ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நடுவில் இரண்டு கோச்சி ஒன்றை ஒன்று கடக்க முடிகிறது. சின்ன ஸ்டேசனை மூடினால் அந்த இரண்டு துண்டும் ஒரே நீளத் துண்டாகும், நீங்கள் தலவாக்கலையில் அரை மணித்தியாலம் இருந்த இடத்தில் ஒரு மணித்தியாலம் இருப்பீர்கள். சின்ன ஸ்டேசன் இருப்பதால்தான் பெரிய கோச்சியும் நேரத்துக்குப் போகிறது.

மெதுவாகப் போவதற்குக் காரணம் மலை. நாவலப்பிட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 580 மீட்டர், ஹட்டன் 1,262. பட்டிப்பொலயைத் தாண்டி உச்சியில் 1,898. சில இடங்களில் 44 அடி போனால் ஒரு அடி ஏற்றம், வளைவு நூறு மீட்டர் ஆரத்தில் திரும்பும். அதுவும் ஐந்தடி ஆறு அங்குல அகலப் பாதை. இதில் வேகம் கேட்கக்கூடாது, நேரத்தைக் கேட்கலாம்.

இன்னும் ஒன்று. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைக்கு இரண்டடி ஆறு அங்குலத்தில் ஒரு சின்னக் கோச்சி ஓடியது. 1903, 1904இல் திறந்தார்கள். ரோட்டில் லொறியும் பஸ்ஸும் வந்ததும் ஆட்கள் அதில் ஏறுவது குறைந்தது. 1940களிலேயே மூடித் தண்டவாளத்தையும் பிடுங்கிவிட்டார்கள். ராகலைக்காரர்கள் இன்றைக்குக் கோச்சி வேண்டும் என்றால் யார் போட்டுக் கொடுப்பது? ரோடு இருக்கிறதுதானே என்று விட்டுவிடுவது சுலபம், திரும்பி எடுக்க முடியாது.

மலைநாட்டான் டொரொண்டோ

கொட்டகலை என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பிறந்தது ஸ்டேசனிலிருந்து இரண்டு மைல் தள்ளி ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். எழுபதுகளின் ஆரம்பம் எனக்கு நினைவிருக்கிறது. அப்போது தோட்டத்துக்கு அரிசி, மா, உரம் எல்லாம் கோச்சியில் வந்து சாமான் கொட்டகையில் இறங்கும். அப்பா டிரக்டரோடு போய் ஏற்றிவருவார், நானும் மூட்டைமேல் உட்கார்ந்து வருவேன். திரும்பும்போது தேயிலைப் பெட்டி போகும். புதுப் பலகை வாசமும் தேயிலை வாசமும் கலந்து அந்தக் கொட்டகை முழுக்க அடிக்கும். இங்கே கடையில் தேயிலைப் பக்கட்டைப் பிரிக்கும்போது சில நேரம் அந்த வாசம் ஒரு நொடி வந்து போகும்.

அந்தக் காலத்தில் கொழும்புத் திட்டம் என்கிற வெளிநாட்டு உதவித் திட்டத்தில் கனடா கொடுத்த டீசல் என்ஜின்கள் வந்திருந்தன. 1954இல் இருந்து வந்தவை. அவற்றுக்குக் கனடா மாகாணங்களின் பெயர்களை வைத்திருந்தார்கள். ஒன்டாரியோ, அல்பேர்ட்டா என்று பக்கத்தில் எழுதியிருக்கும். நான் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிய ஆங்கிலச் சொற்களில் ஒன்று ஒன்டாரியோ. அது ஒரு ஊர் என்றுகூட அப்போது தெரியாது. இப்போது நான் இருப்பது அங்கேதான்.

பிள்ளைகளிடம் எண்ணெய்க் கோச்சியையும் சொல்லுங்கள். கொட்டகலையில் பெற்றோலியக் களஞ்சியம் இருக்கிறது, கொழும்பிலிருந்து டீசலும் மண்ணெண்ணெயும் தாங்கிப் பெட்டிகளில் கோச்சியில்தான் ஏறி வந்தன. எங்கள் லயத்தில் எரிந்த குப்பி விளக்கு அந்தக் கோச்சியால் எரிந்தது.

கோத்தகிரிப் பேத்தி

நான் நீலகிரியிலிருந்து எழுதுகிறேன். இந்த இழையை என் மாமா அனுப்பினார். எங்கள் அம்மாயி கொட்டகலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா என்று எழுதப்பட்டு, எழுபதுகளில் இங்கே வந்தவர்கள். நீங்கள் எல்லோரும் வருகிற கோச்சியைப் பற்றி எழுதுகிறீர்கள். எங்கள் வீட்டில் கொட்டகலை ஸ்டேசன் என்றால் போன கோச்சி.

அம்மாயி சொன்னதை எழுதுகிறேன். சாமான் எல்லாம் தகரப் பெட்டியில். அம்மி எடுத்துப் போக விடமாட்டார்கள் என்று யாரோ சொல்ல, அம்மியைப் பக்கத்து லயத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். தோட்டமே ஸ்டேசனுக்கு வந்ததாம். தப்பு அடித்துக்கொண்டு வந்தவர்கள் பிளாட்போமில் ஏறியதும் நிறுத்திவிட்டார்கள். அம்மாயியின் அக்கா குடும்பத்துக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கோச்சியோடே நடந்தாராம், பிளாட்போம் முடிகிற இடம் வரைக்கும். எங்கள் வீட்டில் அதை அழுகைக் கோச்சி என்றுதான் சொல்வோம். அக்காவும் தங்கையும் அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.

எந்த வழியாகப் போனார்கள் என்று அம்மாயிக்குத் தெரியாது. இரவு முழுக்க ஓடியது, விடிந்தபோது மலையே இல்லை, ஒரே மணலும் பனையும் என்று மட்டும் சொல்வார். தெரிந்தவர்கள் சொன்னால் எழுதி வைத்துக்கொள்வேன்.

சிவப்புக்கொடி

அம்மா, அந்த வழி எனக்கு மனப்பாடம். கொட்டகலையிலிருந்து சிங்கமலைக்குள் புகுந்து வெளியே வந்து ஹட்டன். நாவலப்பிட்டி, பேராதனைச் சந்தி, கடுகண்ணாவை இறக்கம், பொல்காவலை. அங்கிருந்து வடக்குப் பாதை. மாகோ, அனுராதபுரம், மதவாச்சி. மதவாச்சியில் மன்னார்ப் பக்கம் பிரிந்து தலைமன்னார். அங்கிருந்து இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். தனுஷ்கோடி 1964 டிசம்பர் புயலில் போய்விட்டதால் அவர்கள் இராமேஸ்வரத்தில்தான் இறங்கியிருக்க வேண்டும்.

தலைமன்னார்ப் பாதை 1914இல் திறந்தது. அதற்கு முன்னால் எங்கள் பாட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். கொலராவிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1914க்குப் பிறகு வந்தவர்கள் அந்தத் தண்டவாளத்தில் ஏறி வந்தார்கள். 1964 ஒப்பந்தப்படி 525,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். அதே தண்டவாளத்தில் திருப்பி அனுப்பினார்கள்.

நான் அந்தக் கோச்சிகளுக்குப் பச்சைக்கொடி காட்டியிருக்கிறேன். அதற்கு மேல் எழுத முடியவில்லை.

மகாவலிக்கரை

ஐயாவின் பதிவுக்குப் பிறகு இரண்டு நாள் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். ஒரு பெரிய ஸ்டேசனில் பிளாட்போம் மாற்றி அறிவித்தது தமிழில் வரவில்லை. என் அம்மா தவறான பக்கம் நின்று கோச்சியை விட்டுவிட்டார். இரவு எட்டு மணிக்குத் தனியாகப் பஸ் தேடினார். பெயர்ப்பலகையில் மூன்று மொழி இருப்பது நல்லது, ஒலிபெருக்கியிலும் மூன்றும் வேண்டும். நாம் உள்ளூர்க் கோச்சி கேட்டு ஒரு மனு எழுதுவதாக இருந்தால் இதையும் அதில் போடுங்கள்.

தலவாக்கலை பொடியன்

மனு எழுதுவோம் அண்ணே, நானும் கையெழுத்துப் போடுகிறேன். பஸ் போதும் என்று முதலில் எழுதியவன் நான்தான். ஆனால் மனுவில் வெறும் "கூடுதல் சேவை வேண்டும்" என்று போட்டால் குப்பைக் கூடைக்குத்தான் போகும். எந்தப் பாடசாலை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, எந்த ஸ்டேசனில் எத்தனை பேர் சீசன் எடுக்கக் கூடும், கிளினிக் எந்த நாள் என்று எழுத வேண்டும். தலவாக்கலைப் பக்கம் நான் வீடு வீடாகக் கேட்டு எழுதுகிறேன். ரதல்லக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் ஆள் வேண்டும். ஐயா, எந்தக் கோச்சியை எங்கே கடக்க விடலாம் என்று ஒரு தாளில் நீங்கள் போட்டுத் தந்தால் பாதை ஒன்றுதானே என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

கொழுந்துக்கூடை

கொட்டகலைக்கும் வட்டகொடைக்கும் நான் பொறுப்பு. பெட்டியில் இருக்கிறவர்களிடமே கேட்டு எழுதிவிடலாம்.

நேற்று இந்த இழையை வகுப்பில் வாசித்தேன். கோத்தகிரியிலிருந்து வந்த பதிவுக்கு வரும்போது பின் வாங்கில் இருந்த ஒரு பையன் எழுந்து, "எங்க பாட்டி வீட்டுல ஒரு அம்மி இருக்கு மிஸ், இந்தியாவுக்குப் போனவங்க குடுத்ததுன்னு சொல்லுவாங்க" என்றான். எந்தத் தோட்டம் என்று கேட்டேன், சொன்னான். பேத்தி, அம்மாயியின் தோட்டத்துப் பெயரை எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை, பல வீடுகளில் அப்படி அம்மி இருக்கிறது. இருந்தாலும் கேட்டுப் பார்க்கிறேன்.

கோத்தகிரிப் பேத்தி

அக்கா, அனுப்பிவிட்டேன். கை நடுங்கியது.

பெட்டியையும் நேற்று மேலிருந்து இறக்கினோம். மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியது இன்னும் இருக்கிறது. கொட்டகலை, அதன்கீழ் தலைமன்னார், அதன்கீழ் மண்டபம். கொட்டகலையின் கடைசி எழுத்து மட்டும் உரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்துப் போடுகிறேன், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.